மூன்றாம் வரியில் நின்ற பாட்டு

பகலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, முகூர்த்த நாளில் சம்பத்தின் மெல்லிசைக் குழுவில் பாட்டு. இருபத்திரண்டு வருஷமாக ஷோபனாவின் பிழைப்பு இதுதான். அவளுக்கென்று ஒரு பழைய பாட்டு உண்டு. ரெக்கார்டில் பாடினவள் எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கேதான் இவளும் வாங்குவாள். பந்தியில் இருக்கிறவன் சாம்பாரை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான், சத்தியமாக!

மகள் தீபிகா மட்டும் அதைக் கேட்டதே இல்லை. அம்மா ஜிகினாப் புடவை கட்டிக்கொண்டு ஊரான் கல்யாணத்தில் பாடுவது பிளஸ் டூ படிக்கும் மகாராணிக்கு அவமானமாம். போன மாதம் ஒரு பாப் பாடகி அதே பாட்டை கிடாரும் டிரம்முமாகப் பாடி வெளியிட்டாள். அன்றிலிருந்து தீபிகாவின் போனில் அதுதான் ஓடுகிறது.

"இது என் பாட்டுடி," என்றாள் ஷோபனா.

"நீ இந்த மாதிரி பாடுவியா? சும்மா காமெடி பண்ணாத."

ஷோபனா விடவில்லை. ஒரே ஒரு தடவை இவள் கேட்டுவிட்டால் போதும் என்று கெஞ்சிக் கூத்தாடி, சென்னீர்குப்பம் மண்டபத்து ரிசப்ஷனுக்கு மகளைக் கூட்டி வந்துவிட்டாள்.

விருப்பப் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். மாப்பிள்ளை கிஷோர் அனுப்பிய சீட்டில் அதே பாட்டு! பூரித்துப்போய் ஷோபனா மைக்கைப் பிடித்தாள். இரண்டு வரி முடிந்து மூன்றாவதைத் தொட்டாள்.

"இன்னாக்கா, தூங்க வெக்கிறியா? புச்சா வந்துகீதே, அத்த போடு!" மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

சம்பத் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். "அந்த பாப் பொண்ணு பாடுனத அப்டியே ஸ்பீக்கர்ல போடுறேன். உன் மைக்க ஆஃப் பண்ணியாச்சு. வாய மட்டும் அசை."

"அண்ணே, எம் பொண்ணு வந்துகீது. ஒரு சரணம் மட்டும் பாடிக்கிறேனே."

"அப்ப எறங்கிப் போயினே இரு."

மூன்றாம் வரிசையில் தீபிகா உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் ஆயுசுக்கும் இந்தச் சுழிப்புதான். ஷோபனா வாயை அசைத்தாள். எவளோ பாடினாள், மண்டபம் அதிர்ந்தது, ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அதற்கும் அசைத்தாள்.

முடிந்ததும் தீபிகா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்டியே அவங்க வாய்ஸும்மா! இத்தினி நாளு இத எங்க ஒளிச்சு வெச்சிருந்த? மொதல்ல ரெண்டு வரி பாடுனியே, அதான் கேக்கவே சகிக்கல."

ஷோபனா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்போ தொண்ட கட்டிகினு இருந்துச்சுடி," என்றாள்.