சனிக்கிழமைதோறும் என்னைச் சாகச் சொன்ன டீச்சர்

சுகுணா டீச்சர் இறந்த செய்தியைக் காலை வண்டி கண்டக்டர்தான் சொன்னார். "ஆயா, உங்க டீச்சரம்மா பூட்டாங்க. ஆலங்காயத்துல வூட்ல வெச்சிருக்காங்க, ஏறுங்க." நானும் பேத்தி பூங்கொடியும் ஏறினோம்.

பள்ளி முடித்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தனியாகப் பிழைக்கப் பழக்குவதற்காக எங்கள் மலைக்கு வந்தவர் அவர். பிள்ளைகளை அவரிடம் விட்ட உங்களில் பலரையும் அழ வைத்திருப்பார். பூங்கொடிக்கு அறிவு வளர்ச்சி மெதுவு, தாய் இல்லை. நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனாலும் அவளை ஒரு அழுக்கு ஒட்டாமல் வளர்த்தவள். பத்தொன்பது வயதிலும் சோறு பிசைந்து ஊட்டினேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா வளத்திருக்கீங்க ஆயா. நீங்க செத்தா மறுவாரமே இவளும் செத்துடுவா."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, சனிக்கிழமைதோறும் நான் பிணமாகக் கிடப்பது. காலையில் பாயில் படுத்தால், சாயங்கால வண்டி ஹாரன் அடிக்கும்வரை பேசக்கூடாது, அசையக்கூடாது. முதல் சனிக்கிழமை பூங்கொடி என் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்து, "ஆயா, பசிக்குது" என்று அழுதாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டாள். துடித்து எழுந்தேன்.

"பொணம் எழுந்து வராது. படுங்க" என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்த டீச்சர் அதட்டினார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"திட்டுங்க. ஆனா படுத்துக்கினு திட்டுங்க."

மூன்று மாதம் போனது. ஒரு சனிக்கிழமை பூங்கொடி சாமைச் சோறு ஆக்கித் தின்றாள். என்னைத் தாண்டிப் போய், வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, டீச்சர் பார்த்துக்கொடுத்த புளி உடைக்கும் வேலைக்குக் கிளம்பினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே டீச்சர் கைதட்டுவது கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் அவள் வந்து பூட்டைத் திறந்தாள். ஹாரன் அடித்ததும் நான் எழுந்தேன். "ஆயாவுக்கு உசுரு வந்துட்ச்சி!" என்று குதித்தாள். வாராவாரம் அப்படித்தான் குதிப்பாள்.

அன்று நாங்கள் போய் இறங்கிய டீச்சர் வீடு ஆலங்காயம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். பூங்கொடி டீச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள், அழவில்லை. அழுதவர்களிடம், "இன்னாத்துக்கு அழுவுறீங்க? ஹாரன் அடிச்சா எழுந்துக்குவாங்க" என்றாள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கே நிமிடத்துக்கு ஒரு ஹாரன். ஒவ்வொன்றுக்கும் குனிந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள். தூக்கும்போது பாடையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வண்டி இன்னும் வரல!" என்று கத்தினாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

பிணம் எழுந்து வராது என்ற இந்த ஒரு பாடத்தை அவளுக்குச் சொல்லித்தர டீச்சரும் நானும் மறந்துபோயிருந்தோம். டீச்சர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அவருடைய அதட்டல் ஒன்றுதான். போன சனிக்கிழமை படுத்தேன். சாயங்கால வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ஆயா, அடிச்சிட்ச்சி, எழுந்துக்கோ." உலுக்கினாள். நெஞ்சில் குத்தினாள். குரல் கம்மும்வரை கூப்பிட்டாள்.

நான் எழவில்லை. படுத்தபடியே, வாய் திறக்காமல், டீச்சரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.