கடைசியாக நின்ற ஆள்

பழைய மிஷின் ஒன்றைப் பார்க்கப் போனால் பிரெசில்லா முதலில் விலை கேட்பதில்லை. மிஷினைத் தொடுவதும் இல்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவாள். பிறகு விற்பவன் முகத்தைப் பார்த்து, "இதுல கடைசியா நின்ன ஆள் எங்க?" என்பாள். அந்த ஆள் வர வேண்டும். தன் கையால் ஓட்டிக் காட்டி, மிஷினுக்கு உள்ள குறையைச் சொல்லி, அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் வியாபாரம் இல்லை.

அந்தக் கேள்வியால் நொந்தவன் நான். கனமான மிஷின்களை லாரியில் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. பல வருசத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து துளை போடும் மிஷின் ஒன்றை ஏற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் பாம்பன் பாலம் தாண்டி, தங்கச்சிமடத்தில் அவள் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட வருவதாகச் சொன்ன பழைய ஆப்பரேட்டர் வரவில்லை. வெளியே வந்து எட்டிப் பார்த்தவள், "கயித்த அவுக்காதீங்கண்ணே, திருப்பிக் கொண்டு போயிருங்க" என்றாள். காரணம் கிடையாது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவேன். "அதான் தண்ணி குடுத்தேன்ல" என்பாள்.

காரணத்தை அவள் புருஷன் ஜெயபால் ஒருநாள் சொன்னார். பிரெசில்லாவின் அப்பா சவேரியார் விசைப்படகு ஓட்டியவர். யாரோ ஓட்டிய இன்ஜினை வாங்கிப் படகில் வைத்தார். அதில் ஒரு நட்டு சூடேறினால் தளரும். பழைய டிரைவருக்கு மட்டும் அது தெரியும். அவன் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. நடுக்கடலில் இன்ஜின் நின்றது. நீரோட்டம் படகை இலங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சிறையிலிருந்து சவேரியார் திரும்பி வந்தபோது, சொந்த மகளுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, பட்டறை வைத்தார். இப்போது மகள் நடத்துகிறாள்.

புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பாள். சிலுவைச் சங்கிலியை உள்ளே தள்ளி ஊக்கு குத்தியிருப்பாள், சுற்றும் மிஷினில் மாட்டிவிடக் கூடாதென்று. தோளில் ஒரு துண்டு. செய்து முடித்த சாமானைக் காதருகே பிடித்துச் சுண்டுவாள். சத்தம் பிடிக்காவிட்டால், "இத கடல் வாங்காது" என்று கழிவு டப்பாவில் வீசிவிடுவாள். செய்தவன் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கமாட்டாள்.

அவள் வேலையில் முக்கியமானது கப்ளிங். படகின் இன்ஜினையும் புரொப்பல்லர் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு வட்டு அது. கடலில் அது உடைந்தால் சவேரியார் கதைதான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல வெட்டுகிற சிஎன்சி மிஷினில் செய்ததுதான் வேண்டும் என்று படகுக்காரர்கள் தூத்துக்குடிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். பட்டறைக்கு அதுதான் அறுவடை. "இந்தத் தடைக்காலத்துக்குள்ள சிஎன்சி வரலேன்னா ஷட்டர இறக்கிட்டு நானும் மீன்கூடை தூக்க வேண்டியதுதாண்ணே" என்றாள். புது மிஷின் வாங்க வழியில்லை. பழசு தேடிக் கோயம்புத்தூர் போனோம்.

தரகர் பிரபுவின் கொட்டகையில், மூலையில், தார்ப்பாய் போர்த்தி நின்றது அது. வேகமாகச் சுழலும் ரகம். தார்ப்பாயை எடுத்து ஓட்டிக் காட்டினார். மிஷின் மேடையில் பிரெசில்லா ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். முழு வேகத்தில் சுற்றியது; தண்ணீர் அலுங்கவில்லை. ஓடுகிறதா என்றே தெரியவில்லை. காதுக்குள் மட்டும் ஒரு மெல்லிய ஊளை. கொட்டகைக்குள் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போனது.

மிஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் வெட்டும் கருவியைப் பிடித்துச் சுற்றுகிற தலைப்பகுதியின் இடது பக்கத்தில், உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் ஒட்டவே இல்லை. இரும்பு பளபளவென்று தெரிந்தது. விரல்கள் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"இதுல கடைசியா நின்ன ஆள் எங்க?"

"ஊருக்குப் போயிட்டாருங்க. பேரு நாகநாதனுங்க. உங்க பக்கந்தானுங்க, கமுதி. சொன்னா வந்துருவாருங்க" என்றார் பிரபு.

அவள் வெகுநேரம் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "ஏத்துங்கண்ணே" என்றாள். அவள் தன் வழக்கத்தை மீறியது அன்று ஒருதடவைதான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "ஏன் தங்கச்சி, கயித்த அவுக்கலாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் சிரிக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டியதோடு சரி; பட்டறையில் மின் இணைப்பு கிடைக்கும்வரை சும்மா கிடந்ததில் மிஷினின் உள் பேட்டரி செத்துப்போயிருந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழிந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் போனார். காலையில் வேலை தொடங்குமுன் மிஷினைச் சும்மா ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அதற்கான புரோகிராமை, பிரெசில்லாவிடம் வேலை பார்க்கும் வினோத்குமார் புதிதாக எழுதினான். மறுநாள் காலையில் ஓட்டினான். பாதியில் நின்றது.

தலை மெல்ல இறங்கி, இடப்பக்கம் மிஷின் கதவை ஒட்டி வந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. கோளாறு என்று திரையில் எதுவும் இல்லை. நிறுத்தும் பொத்தானில் விளக்கு எரிந்தது. யாரும் அதை அமுக்கவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கியதும் மறுபடி ஓடியது. அடுத்த நாளும் அதே இடம். வினோத் புரோகிராமை மாற்றி எழுதினான். பொத்தானையே கழற்றிப் புதுசு போட்டான். அதே இடம்.

"மிஷினுக்கு டீ டைம்ணே" என்றான் என்னிடம்.

"ஏலே, விளையாட்டுக்குக்கூட அப்பிடிச் சொல்லாத" என்றேன். எனக்கு அதன் எதிரே நிற்கவே பிடிக்கவில்லை. அது நின்றது பழுதானதுபோல இல்லை. யாருக்காகவோ காத்திருப்பதுபோல இருந்தது.

படகுகள் கடலுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. வினோத் தினமும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கப்ளிங் வெட்டிக்கொண்டிருந்தான். செய்தவை வரிசையாக அடுக்கியிருந்தன. ஜெயபால் போகும் படகுக்கானதும் அதில் இருந்தது. பிரெசில்லா சுண்டிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் வைப்பாள். யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கேட்டு வந்தவர்களிடம், "இன்னும் கைமாறலண்ணே" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பிரபுவுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. "வாங்கண்ணே, கமுதிக்குப் போவோம்" என்றாள்.

கமுதி டீக்கடையில் விசாரித்தோம். கோயம்புத்தூரில் மிஷின் ஓட்டிய நாகநாதன் வீடு எது என்றதும், டீ ஆற்றியவர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். கையை மட்டும் நீட்டித் தெருவைக் காட்டினார். வாசல் முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்தது. அதைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள். நாகநாதனின் பெண்சாதி, பேர் சேதுலட்சுமி.

"அவரு ஓட்டுன மிஷின நான் வாங்கிருக்கேன். ஒரே ஒரு தடவ வந்து எங்கையில ஒப்படைச்சிட்டுப் போகணும். அதான் கூப்பிட வந்தேன்" என்றாள் பிரெசில்லா.

"அவரு தவறிட்டாரே தாயி."

மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மிஷின் முன்னாடிதான். நின்னமேனிக்கே உசுரு போயிருச்சு. கை மிஷின் மேலயே இருந்துச்சாம், எடுக்கவே சிரமமா இருந்துச்சுன்னு கூட வேலை பார்த்தவுக சொன்னாக." அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு நெத்தியில கை வச்சுக் காச்சல் பாப்பாருல்ல, அதுக்கும் அப்பிடித்தான். தெனம் காலையில பாதியில நிப்பாட்டித் தொட்டுப் பாப்பாராம். எடதுபக்கம் சுட்டா உள்ள எண்ணெய் போகலன்னு அர்த்தமாம். அதுக்கு அது ஒண்ணுதான் கொறை, மத்தபடி தங்கம்னு சொல்லுவாரு."

பிரெசில்லா தலையை ஆட்டினாள். கிளம்பும்போது சேதுலட்சுமி கேட்டாள்:

"இப்ப அத யாரு தொட்டுப் பாக்குறா?"

மறுநாள் காலையில் வினோத் மிஷினை ஓட்டினான். அதே இடத்தில் வந்து நின்றது. பிரெசில்லா கதவைத் தள்ளினாள். முதல் தடவையாக, அந்தப் பளபளப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"சுடுது."

மூடியைக் கழற்றினார்கள். பேரிங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் சின்னக் குழாய் இடதுபக்கம் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் தலையே போயிருக்கும். பிரெசில்லா உடனே அடுக்கியிருந்த கப்ளிங்குகளை எடுத்து, துளைகளை ஒவ்வொன்றாக அளந்தாள். சூட்டில் தலை நகர்ந்து, துளைகள் மயிரிழை தள்ளி விழுந்திருந்தன. காதுக்குத் தெரியாத குறை. "இத கடல் வாங்காது" என்று சொல்லிக்கொண்டே கழிவு டப்பாவில் போட்டாள். ஜெயபால் படகுக்கானதைக் கடைசியாகப் போட்டாள். அது விழுந்த சத்தத்துக்கு வினோத் கண்ணை மூடிக்கொண்டான்.

குழாயை மாற்றினார்கள். எல்லாவற்றையும் புதிதாக வெட்ட வேண்டும், நாளும் இல்லை. இனி அது நிற்காது என்று வினோத் அடித்துச் சொன்னான்.

மறுநாள் காலையில், அங்கே விட்டுவிட்டு வந்த என் ஜாக்கியை எடுக்கப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலை மெல்ல இறங்கி, இடப்பக்கம் கதவை ஒட்டி வந்து, நின்றது. விளக்கு எரிந்தது. நான் கதவுக்கு நேரே நின்றிருந்தேன். பிரெசில்லா குனிந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அந்த இடத்தைத் தொட்டாள். சூடு இல்லை என்று தலையசைத்தாள். வினோத் பச்சைப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். "பொறுடா" என்றாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாதா கோயிலுக்குள் போகும்போது போடுவதுபோல, தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். கதவை முழுக்கத் திறந்துவைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழிவிடச் சொல்லும் குரலில் சொன்னாள்:

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவரு நிக்கிற எடம்."