ஐந்தாவது லெவலுக்கு நான் எழுதிய கொமென்ட்

எனக்கு வாய் நீளம். எழுத உட்கார்ந்தால் கை அதைவிட நீளம். யாராவது ஒரு புதிர் விளையாட்டைச் செய்து, "பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பினால் முதல் நிமிடத்திலிருந்தே பிழை பிடிக்கத் தொடங்கிவிடுவேன். நல்லது எதையாவது இரண்டு வரி சொல்லிவிட்டுக் குறைக்கு வருவதுதான் நாகரிகம் என்று பலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டதில்லை. புகழ்ச்சியைக் கேட்டு யாருடைய விளையாட்டும் திருந்தியதில்லை என்று பதிலுக்கு முறைத்திருக்கிறேன்.

கேம் ஜேம் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். சில நாட்களுக்குள் அந்தத் தலைப்புக்குப் பொருத்தமாக ஒரு சின்ன விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம், கலந்துகொண்டவர்கள் ஒருவர் செய்ததை மற்றவர் விளையாடிப் புள்ளி போட்டு, கீழே கருத்து எழுத வேண்டும். நாங்கள் கலந்துகொண்டவற்றில் பரிசு என்று ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வாரத்துக் கருத்துகளுக்காகத்தான் எல்லாரும் கண் எரிய எரிய உட்கார்ந்து செய்கிறோம். நம்முடைய வீடுகளில் யாரும் இதையெல்லாம் விளையாடிப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு காரணம்.

நான் மாத்தளை டவுனில் ஒரு பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைன் செய்கிறேன். வீடு அலுவிகாரையில். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, தேர்த் திருவிழா என்று நாள் முழுவதும் அடுத்தவர் முகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவனுக்குச் சொந்தமாக ஒன்று செய்ய ஆசை வந்ததில் வியப்பில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஏலெவல் படித்த கூட்டாளி ஒருவன் உக்குவளையில் போன் ரிப்பெயார் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் இதே கிறுக்கு. பௌர்ணமிக்கு வரும் போயா நாட்களில் என் கடைக்கு விடுமுறை, அவனும் கடையைப் பூட்டிவிடுவான். நான் பஸ் ஏறி உக்குவளைக்குப் போவேன். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு லெப்டொப்பையும் வைத்துக்கொண்டு, நான் செய்ததை அவனும் அவன் செய்ததை நானும் விளையாடுவோம்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தான் செய்த புதிரை இன்னொருவர் விளையாடும்போது அவனால் சும்மா இருக்க முடியாது. "மச்சான், அந்தப் பக்கம்... இல்ல இல்ல, அதுக்கு முந்தி இத..." என்று விரலைத் திரையில் வைத்துவிடுவான். ஒருநாள் எனக்கு வந்த கோபத்தில் மேசையில் அடித்துச் சட்டம் போட்டேன். விளையாடுபவன் என்ன சொன்னாலும், எங்கே மாட்டிக்கொண்டாலும், செய்தவன் வாய் திறக்கக் கூடாது. புள்ளி போடும் வாரத்திலும் அப்படித்தான். கருத்துக்குக் கீழே நன்றி என்று மட்டும் போடலாம், விளக்கம் சொல்லக் கூடாது. தன் பிழையை நியாயப்படுத்துபவன் ஒருநாளும் முன்னேற மாட்டான் என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். அவன் வாயில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தான். அன்றிலிருந்து அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். நான் பலமுறை மீறியிருக்கிறேன், அவன் ஒருமுறையும் மீறவில்லை.

அவனுடைய அம்மாவை அவனைப் போலவே நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு போயா அன்று பிளேன்டீ கொண்டுவந்தவர், நான் செய்த விளையாட்டைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். கதிரையை இழுத்துக் கொடுத்தேன். திரை நிறையச் சதுரங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் வடிவா ஈக்கி மகன். இதுல நான் யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை சதுரங்களில் எது தான் நகர்த்தும் ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதுவரை விளையாடிய ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அன்றே அந்த ஆளின் நிறத்தை மாற்றினேன். அதைவிட நல்ல கருத்து இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அதன்பிறகு நான் எது செய்தாலும் முதலில் உம்மாவிடம்தான் காட்டுவேன். அவரும் விட மாட்டார், லெவலை முடிக்காமல் அடுப்படிக்குப் போக மாட்டார்.

அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டு ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. விளங்கியவனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் போகவே இல்லை. நோயாளி இருக்கிற வீட்டில் போய் விளையாட்டைப் பரப்பிக்கொண்டு உட்காரலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கூட்டாளியைக் கடையில் கண்டு, "உம்மாவுக்கு எப்படி?" என்று கேட்பதோடு கடமை முடிந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஜேம் வந்தது. தலைப்பு, "இடம் போதாது". நான் ஆட்களை நெருக்கி நெருக்கி ஏற்றும் ஒரு பஸ் விளையாட்டைச் செய்தேன். அவன் கலந்துகொள்ள மாட்டான் என்று நினைத்திருந்தேன். கடைசி நாளில் அவனும் ஒன்றை ஏற்றியிருந்தான்.

அது ஒரு வீடு. மேலிருந்து பார்ப்பதுபோலச் சதுரம் சதுரமாகத் தரை. கட்டில், சாய்ந்து உட்காரும் செட்டி, மேசை, அலுமாரி எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றைத் தள்ளித் தள்ளி, கட்டிலருகே இருக்கும் சக்கர நாற்காலிக்கு வாசல்வரை வழி விட வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. முதல் நான்கு லெவலும் அருமை. குளியலறை வாசலில் நாற்காலியைத் திருப்புகிற மூன்றாம் லெவலில் நான் கடையிலேயே "அட!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஐந்தாவதில் முழு வீடும் வந்தது. அதில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே செலவழித்தேன். என்ன செய்தாலும் அந்த அலுமாரி குறுக்கே வந்து நின்றது. கடைசியில் கடையில் கணக்கு எழுதும் சிஆர் கொப்பி ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டு எண்ணினேன். எந்த அறையில் எத்தனை சதுரம் காலி, எந்தப் பொருள் எத்தனை சதுரம் பிடிக்கும் என்று எழுதினேன். எண்ணி முடித்ததும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. கூட்டாளி பிழை விட்டுவிட்டான், அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்.

போன் எடுத்து அவனிடம் சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன்: "ஐந்தாவது லெவலை முடிக்க முடியாது. கட்டம் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த அலுமாரிக்கு வீட்டுக்குள் எங்குமே இடமில்லை. ஏற்றுவதற்கு முன் ஒருமுறையாவது நீங்களே முடித்துப் பார்த்திருக்க வேண்டும்." கூட்டாளி என்பதால் சலுகை கிடையாது என்று காட்டுவதற்காக, ஒரு புள்ளியைக் குறைத்தும் போட்டேன்.

எங்கள் வட்டத்தில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதற்குப் பிறகு வந்தவர்கள் நான்கு லெவலோடு நிறுத்திக்கொண்டார்கள். "நல்ல யோசனை, கடைசி லெவல் பழுது என்று கேள்விப்பட்டேன்" என்று விளையாடாமலேயே எழுதிப் போனவர்களும் உண்டு. அவன் என் கருத்துக்குக் கீழே "நன்றி மச்சான்" என்று மட்டும் போட்டிருந்தான்.

என் பஸ் விளையாட்டுக்கு அவன் எழுதிய கருத்து நீளமானது. எந்த இடத்தில் குழம்பினான், எந்த இடத்தில் மகிழ்ந்தான் என்று பொறுமையாக எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி: "எங்கள் வீட்டில் ஒருவர் முதல் இரண்டு லெவலையும் முடித்துவிட்டு நிறையச் சிரித்தார்." அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புள்ளி எவ்வளவு போட்டிருக்கிறான் என்று பார்க்கும் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த ஜேமுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. ஒரு கருத்துக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குக் கடுப்பு. நானும் இறங்கிப் போகவில்லை. மழை தொடங்கிய ஒரு காலைநேரம் அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"மச்சான், உம்மா மவுத்தாயிட்டாங்க. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு எடுக்கிறோம்."

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். வீட்டுக்குள் பெண்கள் இருந்ததால் ரோட்டில் மற்ற ஆண்களோடு நின்று, பள்ளிவாசல்வரை பின்னால் நடந்தேன். அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து, பின்னேரம் ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு வீட்டுக்குப் போனேன். அந்தப் படியில் கால் வைத்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

வாசலுக்கு வெளியே விறாந்தையில் அலுமாரி நின்றது. மேலே பொலித்தீன் போட்டு, கயிற்றால் கட்டியிருந்தார்கள். மழைச்சாரல் பட்டு ஒரு பக்கப் பலகை ஊதிப்போயிருந்தது. அதன் தலையில் யாரோ செருப்புப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அது அங்கே நின்று நாளாகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே செட்டி சுவரோடு ஒட்டியிருந்தது. மேசை சாப்பாட்டறை மூலைக்குப் போயிருந்தது. வாசலிலிருந்து ஜன்னலோரக் கட்டில்வரை, தரையில் பதித்த டைல்ஸில் இரண்டு வரிசை வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு டைலும் அவனுடைய விளையாட்டில் ஒரு சதுரம். வாசலுக்கு வெளியேயும் பொருளைத் தள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசல்தான் எல்லை என்று நானே முடிவுசெய்துகொண்டு, கொப்பியில் வீட்டைச் சுற்றி ஒரு கோடும் போட்டிருந்தேன்.

"வாடா உள்ளுக்கு," என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"என்னத்த?"

"அலுமாரி வெளிய போகும்னு."

அவன் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தான். "நீ தானே மச்சான் சட்டம் போட்ட. செஞ்சவன் வாய் தொறக்கக் கூடாதுன்னு."

"நான் எழுதினத வாசிச்சிட்டு ஒருத்தரும் வெளையாடாமப் போனாங்களேடா. போன்ல ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"எடுக்கத்தான் பார்த்தேன். பொறகு, நீ எப்படியும் ஒரு நாளைக்கு உம்மாவப் பார்க்க வருவதானே, வாசல்ல கண்டா ஒனக்கே வெளங்கும்னு விட்டுட்டேன்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது முடிந்திருக்கும். கோபமே இல்லை. நான் செட்டியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டேன். வேறு எதற்கு இல்லாவிட்டாலும் ஒரு பிளேன்டீ குடிக்கவாவது நான் அந்த வீட்டுக்கு வந்திருக்கலாம்.

பிறகு அவனுடைய லெப்டொப்பைக் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தது. கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஐந்தாவது லெவலைத் திறந்தேன். அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. செட்டியைச் சுவரோடு தள்ளினேன். மேசையை மூலைக்கு அனுப்பினேன். அலுமாரியை வாசல்வரை கொண்டுவந்து, இன்னொரு தரம் தள்ளினேன். அது வெளியே போனது. சக்கர நாற்காலி கட்டிலடியிலிருந்து தானாகவே நகர்ந்து வந்து வாசலில் நின்றது.

"முடிச்சிட்டேன்டா," என்றேன். "இப்பவே அந்தக் கொமென்ட மாத்துறேன்."

"மாத்து," என்றான். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "உம்மா இத எடது கையாலதான் முடிச்சாங்க. மூணு நாள் எடுத்திச்சு. பொறகு ஒவ்வொரு நாளும் ஒன்னப் பத்தித்தான் கேள்வி. ஒன்ட கூட்டாளி முடிச்சானா, முடிச்சானான்னு. முடிச்சிட்டான்னு சொன்னேன்."

நான் அவனைப் பார்க்கவில்லை.

"அப்பயும் விடல. அலுமாரிய எங்க வெச்சான்னு கேட்டாங்க. வெளியதான் உம்மா, விறாந்தையிலன்னு சொன்னேன். அந்தப் புள்ளக்கி வெளங்கும்னு எனக்குத் தெரியும்னு சொல்லிச் சிரிச்சாங்க."