கொழுந்துதின்னி

ஏப்ரல் பிறந்தால் கொழும்பிலிருந்து குளிரை அனுபவிக்க வரும் கார்க்காரர்களுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே பெயர்தான்: கொழுந்துதின்னி. காரை நிறுத்தி இறங்குவார்கள், தேயிலைச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார்கள். தேத்தண்ணி ருசி அதில் இருக்கும் என்று நினைப்பு. முகம் கோணுகிற அழகைப் பார்க்கவே பிள்ளைகள் நாங்கள் ரோட்டோரம் தவம் கிடப்போம். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சித்தப்பா ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

அப்பா பிரஜாவுரிமை கேட்டு நுவரெலியா அரசாங்கக் கந்தோருக்குப் போயிருந்த அன்றும் ஒரு கார் வந்தது. உரிமை கிடைக்காவிட்டால் இந்தியாவுக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. எங்களில் யாரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. காரில் வந்த அம்மணி கொழுந்தைத் துப்பாமல், மரியாதைக்காக விழுங்கியே விட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்து, பெயரை உரக்கச் சொன்னேன். கூடையோடு நின்ற அத்தை என் தலையில் நறுக்கென்று குட்டிவிட்டு, தன் போத்தலில் இருந்த பாலில்லாத சாயத்தண்ணியை அந்த அம்மணிக்குக் கொடுத்தாள்.

குட்டு எதற்கென்று புரியவில்லை. சாயங்காலம் அத்தையிடமே கேட்டுவிட்டேன். சித்தப்பா சொன்னதெல்லாம் புளுகாம். கார் வருவதற்கு எவ்வளவோ முந்திய பேச்சாம் அது. திருச்சிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டி வந்த புது ஆட்கள், கடல் தாண்டிக் காட்டுவழி நடந்து வந்த பசியில், கீரை என்று நினைத்துக் கொழுந்தைப் பறித்துத் தின்பார்களாம். முந்தி வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

“ஒன் தாத்தா மடி நெறையப் பறிச்சுத் தின்னாரு. சாகுற வரைக்கும் அவருக்கு அதுதான் பேரு” என்றாள் அத்தை.

கார்க்காரர்களும் தாத்தாவும் எப்படி ஒன்றாவார்கள்? அந்தக் குழப்பத்தில் இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், திரும்பிப் போங்கள் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப நாமளும் கொழுந்துதின்னிதானாப்பா?”

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

“கார்ல வர்றவுங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊரு இருக்கு பாப்பா.”

எங்களுக்குந்தான் இருந்ததே. கதவைத் திறந்தால் தெரிகிற மலை, பீலியில் வழிகிற ஊற்றுத் தண்ணி, அத்தையின் கொழுந்துக் கூடை, எல்லாம் இங்கேதானே இருந்தன. அப்பாவுக்கு அது எப்படி மறந்துபோனது என்பதுதான் அன்று எனக்கு விளங்கவேயில்லை.