ஓங்கிலின் கை

யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறாமல் கொழும்புக்குப் போய்வர முடிந்த காலத்தில், எங்கள் பாடசாலைக்கு நூதனசாலையிலிருந்து ஒரு மரப்பெட்டி இரவலாக வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்க உதவும் பொருட்கள். தவணை முடியத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதிபர் அதைத் தன் மேசையில் வைத்து, புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

கடலோரம் இருந்த பழைய பாடசாலையைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. ஊருக்குள் தள்ளிக் கட்டிய புதுக் கட்டிடத்தில் ஆய்வுகூடம் என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே தண்ணீர் வராத குழாய்கள்தான் இருந்தன. அங்கே படிப்பித்தவள் நான். படிப்பித்தேன் என்பதைவிட வாயைத் திறந்து மூடினேன் என்பதே சரி. என் மகளும் அந்தக் கடலோடு போனவள். ஐந்து வயது. மையித்து, அந்தச் சின்ன உடல்கூட, கிடைக்கவில்லை. சபூர் செய்யுங்க டீச்சர் என்று காண்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். பொறுப்பதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே பொறுக்கலாம். எனக்கு எரிச்சல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

பெட்டியில் சங்குகள், பவளக் கிளை, ஆமை ஓடு, இவற்றோடு ஒரு குட்டி டொல்பினின் துடுப்பு எலும்பும் இருந்தது. எங்கள் மீன்பிடிகாரர் ஓங்கில் என்பார்களே, அதுதான். எலும்புகளைக் கம்பியால் கோத்துப் பலகையில் பொருத்தி, பெயர் எழுதிய ஒரு அட்டையும் ஒட்டியிருந்தார்கள். மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள் எல்லாம் தெரிந்தன.

எட்டாம் வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டினேன். "வெளிய பார்த்தா துடுப்பு. உள்ளுக்குள்ள கை. நம்மட கை மாதிரித்தான். ஒவ்வொராளா வந்து பக்கத்தில கைய வெச்சுப் பாருங்க." வந்தார்கள், வைத்தார்கள், சிரித்தார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எழும்பவில்லை. "என்ன, கடிச்சிருமா?" என்றேன். அவள் குனிந்துகொண்டாள். அவளுடைய தம்பியும் சுனாமியில் போனவன், அவனும் கிடைக்காதவன். ஊருக்கே தெரிந்த கதை, எனக்கும் தெரியும். தெரிந்தும் மணி அடிக்கும்வரை மற்றவர்களை வரிசையில் விட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கடற்கரைப் பக்கம் வீடு கட்டவோ மலசலகூடக் குழிக்கோ தோண்டும்போது எலும்பு தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திப் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புவார்கள். பாங்கு சொல்லும் மோதினார் வெள்ளைத் துணியோடு வந்து சுற்றி எடுத்துப்போவார். தொழுவித்து மையவாடியில் அடக்குவார்கள். யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையின் உம்மா வந்து ஆய்வுகூட வாசலில் நின்றார். பின்னால் மோதினார், கையில் மடித்த வெள்ளைக் கபன் துணி. அவர்களுக்கும் பின்னால் அதிபர், முகத்தில் ஈயாடவில்லை.

"கடலுக்குள்ள கிடைச்ச சின்னக் கையாம், கம்பியால கட்டி வெச்சிரிக்காம்," என்றார் உம்மா. சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "அத எனக்குத் தாங்க டீச்சர். நான் அடக்கோணும்."

"ராத்தா, அது டொல்பின். இந்த அட்டையில எழுதிரிக்கி பாருங்க."

"எழுதின ஆக்கள் என்ட மகனக் கண்டதா?"

மோதினார் மெல்லச் சொன்னார்: "டீச்சர், சந்தேகமெண்டாலும் அடக்குறது நல்லம். பெட்டிக்காரங்களுக்கு நாங்க ஒரு கடிதம் குடுப்பம்."

அதிபர் என்னைப் பார்த்தார். கொடுத்தால் நூதனசாலைக்கு என்ன சொல்வது, மறுத்தால் ஊருக்கு என்ன சொல்வது என்பது அவருடைய தலையிடி. எனக்கு வந்தது எரிச்சல்தான். முந்தின நாள் அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியது எதற்கு?

பலகையை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த உம்மாவின் வலது கையைப் பிடித்து நடுவிரலை நீட்டினேன். "இதில எத்தின எலும்பு? மடிச்சு மடிச்சுப் பாருங்க."

மடித்துப் பார்த்தார். "மூணு."

"இப்ப இதில எண்ணுங்க."

ஓங்கிலின் நீண்ட விரலில் அவருடைய நுனிவிரல் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக்கொண்டு போனது. மூன்றில் நின்றுவிடும் என்று நம்பியிருப்பார் போல. நிற்கவில்லை. நாலு, ஐந்து என்று வாய் முணுமுணுத்தது. ஏழில் விரலை எடுத்துக்கொண்டார்.

"மனிசருக்கு இப்பிடி இல்லதானே," என்றார்.

"இல்ல ராத்தா. எந்தப் புள்ளைக்கும் இல்ல."

மோதினார் துணியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வெளியே போனார். அதிபருக்கு மூச்சு வந்தது. பாடம் சரியாக விளங்கிவிட்டது என்று நினைத்தேன், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். பலகையை மூட ஒரு துண்டு தேடினேன்.

அந்த உம்மா போகவில்லை. "டீச்சர், கோவிக்காதீங்க, ஒண்டு கேக்கன். இத முதல்ல கையில எடுத்த நேரம் உங்களுக்கு மகள்ட நெனவு வரல்லயா?"

யோசித்துப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தது, தூசி தட்டியது, பலகையைத் தூக்கியது, எல்லாம் நினைவுக்கு வந்தது.

"இல்ல," என்றேன்.

அவர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். மகனைக் கேட்டு வந்து வெறுங்கையோடு நின்றபோதுகூட அழாதவர், எனக்காக அழத் தொடங்கினார். விம்மி, தோள் குலுங்க அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கையை எடுக்காமல் நின்றேன்.