பாசி எரிக்கும் அடுப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், ஜன்னல் இல்லாத சமையலறை கொண்ட ஒரு பின்கட்டில். ஈர விறகின் புகையில் என் மனைவிக்கு இழுப்பு வந்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறுவேன்.

அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைப் படித்தேன். பச்சைப்பாசியைக் காற்றுப் படாமல் இருட்டில் வைத்திருந்து, பிறகு வெளிச்சம் காட்டினால் அது ஹைட்ரஜன் விடுமாம். எரித்தால் புகையே வராத வாயு. அன்றைக்கே அவளிடம் சொன்னேன்.

"பாசியில அடுப்பு எரியுமாங்க?"

"எரியும். ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ."

ஜீயபுரத்து வாய்க்காலில் பாசி அள்ளிவந்து கல்லூரி லேபில் ஜாடிகளில் வளர்த்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை, கவிழ்த்துவைத்த குழாயின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு வாயு சேர்ந்திருந்தது. தீக்குச்சி காட்டினேன். பட்டென்று வெடித்தது. வீட்டுக்கு ஓடிவந்து அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொன்னாள்.

அதற்கு மேல் போகவில்லை. வெளிச்சம் பட்டதும் பாசி பிராணவாயுவையும் விடும். அந்தப் பிராணவாயுவே ஹைட்ரஜன் வருவதை நிறுத்திவிடும். எதை மாற்றினாலும் சில நிமிஷங்களில் நின்றுபோனது. எனக்கு அது புரிந்துவிட்டது. அவளிடம் மட்டும் "வந்துடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கலாமா என்று அவள் கேட்டபோதும், "அதுவும் நாத்தம்தான், கொஞ்சம் பொறு" என்று தடுத்தவன் நான்.

மூன்றாம் வருஷம் துறைத்தலைவர் கூப்பிட்டார். "பிராக்டிகல் எக்ஸாம் வருது. அந்த ஜாடியெல்லாம் எடுத்துடுங்க, சார்."

எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினேன். சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு எப்பவோ தெரியுங்க," என்றாள். "உங்க முகத்தைப் பார்த்துட்டு கேக்காம இருந்தேன்."

மறுநாளே ஸ்டவ் வாங்கி வந்தேன். அவள் அதில் சமைத்தது நான்கு மாதம். ஐப்பசி மழையில் இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காவிரிப் பாலத்தின் மேல் ஜட்கா வண்டியிலேயே போய்விட்டாள்.

வேலையை விடவில்லை. பாசியைப் பற்றிய வகுப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றேன்.