பதினொரு வெள்ளைப் பலகைகள்

அறுவடை முடிந்து பத்து நாளான பிறகு பெரியப்பா வெருளி கட்டத் தொடங்கினார். குருவிகளை மிரட்ட வயலில் நட்டுவைக்கும் வைக்கோல் ஆளை எங்கள் பக்கத்தில் வெருளி என்போம். கதிர் முற்றும் காலத்து வேலை அது. சூடடித்து, மூட்டை கட்டி, வயலில் அரிதாள் மட்டும் நிற்கிற பங்குனி மாதத்தில் ஒருவர் வெருளி கட்டினால் ஊர் பார்க்கத்தான் செய்யும். முதலில் பார்த்தவர் அம்மா.

"காவல் காக்க அங்கை என்ன கிடக்கு? காத்தையோ கலைக்கப் போறியள்?" என்று குசினி வாசலில் நின்று கேட்டார்.

பெரியப்பா சிரித்தார். கைவேலையை நிறுத்தவில்லை.

அப்போது நாங்கள் முரசுமோட்டையில் இருந்தோம். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி பெரியப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து, நெல்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். பெரியப்பா கலியாணம் செய்யாதவர். ஊரில் அவரை மலாயாக் கிளாக்கர் என்பார்கள். யுத்தத்துக்கு முன் மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்தில் கணக்கெழுதியவர். யப்பான்காரர் அந்தத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரைச் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஏற்றிச் சென்றபோது, இடாப்பு எழுத அவரையும் ஏற்றினார்கள். ஒவ்வொரு காலையும் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை அவர் எழுத வேண்டும். சாவு கூடிய பிறகு, பெயர் வேண்டாம், தொகை மட்டும் போதும் என்று கட்டளை வந்தது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அவருடைய வலது கை நடுங்கியது. காய்ச்சலால் வந்தது என்று அம்மா சொன்னார்.

கை நடுங்கியதால் அவருக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். எனக்கு ஒன்பது வயது. அழகாக எழுதும் உறுப்பெழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கியிருந்தேன். அந்தப் பரிசை வீட்டில் மறக்க நான் யாரையும் விட்டதில்லை.

அதற்கு முந்திய வருடம் அவர் ஒரு கவிதை சொன்னார், நான் எழுதினேன். யுத்தத்துக்கு எதிரான கவிதை என்றார். நான் யுத்தம் வருமென்று காத்திருந்தேன், பெயர்கள்தான் வந்தன. முனியாண்டி, சின்னப்பொண்ணு, அஞ்சலை என்று ஐந்து பக்கம். ஒரு வினைச்சொல்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் பெயர்களும் நின்று வெறும் இலக்கங்கள். தலைப்பு 'காலை'. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினோம். பதில் வந்தது. 'அன்பரே, இது கவிதையன்று, இடாப்பு. காலமானவர்களின் பெயர்களாயின் மரண அறிவித்தல் பகுதிக்கு அனுப்பலாம். அதற்குக் கட்டணம் உண்டு. கையெழுத்து மிக அழகாக உள்ளது.' கடைசி வரியை நான் பாடமாக்கி வைத்திருந்தேன். பெரியப்பா கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

அந்தப் பங்குனியில் தேர்தல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. தமிழர் எல்லோருக்கும் நீதி கேட்கப்போவதாக ஒலிபெருக்கி பூட்டிய கார்கள் வாய்க்கால் ரோட்டால் நாள்முழுவதும் போய்வந்தன. எல்லோருக்கும் என்பதில் கருப்பையாவும் செல்லாயியும் சேர்த்தியில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து, எங்கள் வயல்களுக்குப் பின்னால் காட்டோரம் குடிசை போட்டிருந்த ஐந்து குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. எங்கள் காணியில் காடு வெட்டியவர்கள், வரம்பு கட்டியவர்கள், நாற்று நட்டவர்கள் அவர்கள்தான். எல்லோரும் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். ஆனால் பிரசாவுரிமை இல்லை, அதனால் வாக்கில்லை. முந்திய வருடம்தான் இந்த நாட்டு அரசாங்கமும், அவர்களுடைய பாட்டன்மார் புறப்பட்டு வந்த நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று அவர்களைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதியிருந்தன. அதற்குப் பிறகு, கடதாசியும் பேனையுமாக யாராவது வரக் கண்டால் அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் காட்டுக்குள் நடந்துவிடுவார்கள். தபால்காரரைக் கண்டும்கூட நடந்தார்கள்.

அவர்களில் வாக்களிக்கும் வயது வந்தவர்கள் பதினொரு பேர். பெரியப்பா கட்டிய வெருளிகளும் பதினொன்று.

ஒவ்வொரு வெருளிக்கும் அந்தந்த ஆளின் பழைய உடுப்பையே கேட்டு வாங்கினார். கருப்பையா பையில்லாத தன் காக்கிச் சட்டையைக் கொடுத்துவிட்டு, அதைப் போட்டு நின்ற வெருளியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நானேதாங்க இது! ஆனா நான் இம்புட்டு நிமிந்து நின்னதில்லீங்க, கிளாக்கர் ஐயா."

"அதுக்குத்தான் முதுகிலை பொல்லு வைச்சனான்" என்றார் பெரியப்பா.

தேயிலைப் பெட்டிப் பலகையைத் துண்டு துண்டாக அறுத்து, இரண்டு தரம் வெள்ளையடித்து, ஒவ்வொரு வெருளியின் நெஞ்சிலும் தொங்கவிடுவது திட்டம். பலகையில் பெயர் எழுதுவதாக இருந்தார். தேர்தல் நாளில், பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி, எங்கள் வேலியோரம் அந்தப் பதினொரு பேரும் வரிசையில் நிற்பார்கள். சொந்த வயலில் வெருளி நட எந்தச் சட்டமும் தடையில்லை என்பதை ஒரு கிளாக்கரின் கவனத்தோடு விசாரித்து வைத்திருந்தார்.

செல்லாயி வந்து மறித்ததை அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. வாய்க்கால் கட்டில் நின்றபடி, தலைத்துணியை நீட்டிக்கொண்டே அவர் சொன்னாராம்: "சட்ட குடுக்கிறோம், சீல குடுக்கிறோம். பேர மட்டும் எழுதிடாதீங்க ஐயா. எழுதின பேருக்குத்தான் கப்பல் வருது."

பெரியப்பா அந்தத் தலைத்துணியை வாங்கிக்கொண்டாராம். பெயரை எழுதாமல் விட்டால் மனிதர் இல்லாமல் போய்விடுவார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். பெயரை எழுதினால் இல்லாமல் போவோம் என்று செல்லாயி சொல்கிறார். கடைசியில், "சரி பிள்ளை, எழுதமாட்டன்" என்றாராம். பலகைகள் வெறுமையாகவே நிற்கட்டும் என்று அங்கேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

நான் கண்டது வேறு. தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் பெரியப்பா வெள்ளைப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கை நடுங்கியது. பலகையைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் எழும்பிப் போய் வெருளியில் மாட்டினார். பதினொன்றையும் அப்படியே மாட்டினார். என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பள்ளிக்கூடச் சோதனைக் காலமென்று எனக்குத் தொந்தரவு தர விரும்பவில்லை என எடுத்துக்கொண்டேன்.

வெருளிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நின்றன. சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி நின்றார்.

"என்ன கிளாக்கர், குருவியளுக்கும் வோட்டுக் குடுத்திட்டாங்களோ?"

"குருவியளுக்கு எப்பவோ குடுத்தாச்சு" என்றார் பெரியப்பா.

மறுநாள் விடிகிற நேரம் எழும்பினேன். அம்மா உடுப்புத் தோய்க்க வைத்திருந்த நீலத்தைச் சிரட்டையில் கரைத்தேன். வேப்பங்குச்சி ஒன்றின் நுனியைச் சப்பித் தூரிகை ஆக்கினேன். யாருடைய சட்டை, யாருடைய தலைத்துணி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதினொரு பெயர்களையும் எழுதினேன். கருப்பையா. செல்லாயி. மாரிமுத்து. வீரம்மா. ஒரு துளி வழியவில்லை, ஒரு வரி சரியவில்லை. முடித்துவிட்டு ரோட்டில் போய் நின்று பார்த்தேன். அதைவிட நேர்த்தியாக நான் பிறகு எதையும் எழுதியதாக நினைவில்லை.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியது. பெரியப்பா ரோட்டு வாசலால் போகாமல், வழக்கம்போல் வயல் வரம்பால் குறுக்கே நடந்து முதல் ஆளாக வாக்களிக்கப் போயிருந்தார். ரோட்டால் வந்தவர்கள் வேலியோரம் நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் வயலில் வேலை செய்பவரின் பெயரை வாசித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். சட்டையில் சின்னம் குத்தியிருந்த ஒரு வேட்பாளரின் ஆள், ஆள்மாறாட்டம் செய்ய யாரோ பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். சற்று நேரத்தில் காவலுக்கு நின்ற பொலிஸ் சார்ஜன்ட் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வயதானவர், முகத்தில் கோபமில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, உதுகளை ஒருக்கா வாசி பாப்பம்."

வாசித்தேன். எங்கள் வாத்தியார் சொல்வதெழுதல் சொல்வதுபோல், ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம், இடைவெளி விட்டுச் சொன்னேன். அவர் குறிப்புக் கொப்பியில் எழுதினார்.

"இவையெல்லாம் எங்கை இருக்கினம்?"

காட்டோரக் குடிசைகளைக் கையால் காட்டினேன்.

பெரியப்பா திரும்பி வந்தபோது நான் பத்தாவது பெயரில் நின்றேன். அவர் பலகைகளைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டின் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். என்னைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"உதை எழுதினது நான்" என்றார்.

சார்ஜன்ட் பென்சிலை நீட்டினார். "அப்ப இதிலை ஒரு பேர் எழுதிக் காட்டுங்கோ, ஐயா."

பெரியப்பா பென்சிலை வாங்கினார். அதன் நுனி கடதாசியில் பட்டுப் பட்டு எழுந்தது. மழை தொடங்கும்போது தகரத்தில் விழும் துளிகளின் சத்தம். ஒரு எழுத்தும் வரவில்லை. சார்ஜன்ட் என் நீல விரல்களைப் பார்த்தார், பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி, விடுங்கோ. ஒரு ரிப்போட்டுக்குத்தான். பின்னேரத்துக்குள்ளை உதுகளைப் புடுங்கிப் போடுங்கோ."

"அந்த ஒற்றையைக் கிழிச்சுத் தாங்கோ."

"இலக்கம் போட்ட கொப்பி, ஐயா. ஒற்றை குறைஞ்சா நான் பதில் சொல்லோணும்."

"அந்தச் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

சார்ஜன்ட் கொப்பிக்கு றப்பர் வளையத்தைப் போட்டுப் பையில் வைத்தார். இலக்கமிட்ட கொப்பியைப் பற்றிப் பெரியப்பாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அரிதாள் குத்த, வயலுக்குக் குறுக்கே குடிசைகளை நோக்கி நடந்தார். அவர் ஓடுகிறார் என்று முதலில் நினைத்தேன். நடக்கத்தான் செய்தார்.

அந்தக் கொப்பிக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வளர்ந்து பத்திரிகையில் சேர்ந்த பிறகு, எத்தனையோ பொலிஸ் நிலையங்களில் எத்தனையோ கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை அலுமாரியில் கிடந்து கறையான் தின்பவை. அந்தப் பக்கமும் அப்படியே முடிந்திருக்கலாம். தேடி ஒருவரும் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அதைக் காத்திருந்து பார்க்கும் வசதி காட்டோரத்தில் இருந்தவர்களுக்கு இருக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து குடிசைகளிலும் ஆளில்லை. அடுப்புக் கல்லைக்கூட விடாமல் எடுத்துப் போயிருந்தார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். கப்பலேறத் தலைமன்னாருக்கே போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். பெரியப்பா பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்குப் போனார், கனகராயன்குளத்துக்குப் போனார். இரண்டு கிழமை அலைந்துவிட்டு, வெயிலில் கறுத்து, ஒருவரையும் காணாமல் திரும்பி வந்தார். அதன் பிறகு அவர் என்னை எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

ஆனால் தேர்தலுக்கு மறுநாளான அந்தக் காலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது குடிசைகள் அல்ல. வெருளிகளைப் பிடுங்கப் பெரியப்பா மறந்திருந்தார். அவை வரிசை குலையாமல் நின்றன. உடுப்புகளை மட்டும் காணவில்லை. அவரவர் தங்கள் சட்டையையும் சேலையையும் கழற்றி எடுத்துப்போயிருந்தார்கள். வெறும் வைக்கோல் நெஞ்சில் பலகைகள் தொங்கின. பதினொன்றிலும் வாய்க்கால் சேற்றை அள்ளி அப்பியிருந்தார்கள். விரல் தடங்கள் தெரிந்தன. என் நீல எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

அழுதுகொண்டு ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். யாரோ பொறாமையில் என் எழுத்தைப் பழுதாக்கிவிட்டார்கள் என்றேன். தண்ணீர் ஊற்றிக் கழுவித் தந்தால் திரும்பவும் எழுதுவேன் என்றேன். அவர் கிணற்றடியில் குந்தியிருந்து, காலில் ஏறிய அரிதாள் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியதால் அது வரவில்லை. நான் குந்தி எடுத்துவிட்டேன்.

"வேண்டாம், பிள்ளை. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

"என்ரை எழுத்து வடிவா இருந்ததோ, பெரியப்பா?"

என் விரல்களைப் பார்த்தார். நீலம் இன்னும் போகவில்லை.

"வடிவா இருந்தது" என்றார்.

உறுப்பெழுத்துப் பரிசுக்கும் பத்திரிகைக் கடிதத்துக்கும் பிறகு எனக்குக் கிடைத்த மூன்றாவது பாராட்டாக அதை நான் பல காலம் வைத்திருந்தேன்.